எட்டு வருட டாக்டர்

போர்ச்சுக்கலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகக் கல் படிக்கட்டில், மற்றப் புதிய மாணவர்களோடு வரிசையில் ஸுல்மீரா மண்டியிட்டிருக்கிறாள். ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயிலிருந்து சட்டம் படிக்க வந்து நான்கே நாள். முதல் வகுப்புக்கு மணியடிக்கிறது. புதியவர்கள் மூத்த மாணவர்கள் முன் மண்டியிட வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது மரபு. அதனால் அவள் கண்ணுக்குக் கறுப்பு அங்கியின் விளிம்பும் வெயிலில் மினுங்கும் சப்பாத்தும்தான் தெரிகின்றன. சப்பாத்துக்காரன் வாஸ்கு எட்டு வருடமாகத் தேறாதவன். இங்கே அதிக வருடம் தேறாதவனே பெரிய டாக்டர், அதுவும் மரபு. "'டாக்டர், போகட்டுமா'ன்னு கெஞ்சுடி," என்கிறான். பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் துவார்த்தே, "சொல்லித் தொலை. இல்லேன்னா வருஷம் பூரா ஒங்கூட எவனும் பேசமாட்டான்," என்று முணுமுணுக்கிறான். முட்டியில் கல் குத்துகிறது, கோபத்தில் காது கொதிக்கிறது. எழுகிறாள். அவன் முகத்தை நேராகப் பார்க்கிறாள். மீசையில் ரொட்டித்தூள் ஒட்டியிருக்கிறது. "எனக்குக் கிளாஸ் இருக்கு டாக்டர். ஒங்களுக்கும் அதே கிளாஸ்தான், லிஸ்ட்ல ஒங்க பேரைப் பாத்தேன்." வரிசையில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழவுமில்லை. அவள் ஏறுகிறாள்.