நப்தலிக்குப் புதுப் பெயர்

சஃபேத் நகர மருத்துவமனையில் நப்தலி கண் திறக்காமல் கிடந்தார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டதால் அவர் மனைவி மல்கா, யூத மதகுருவான ரப்பியை அழைத்து வந்தாள். நோயாளியின் பெயரை மாற்றிவிட்டால், பழைய பெயரைச் சொல்லித் தேடி வரும் மரண தூதன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

பக்கத்துக் கட்டிலில், கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரை அந்த அறையில் எல்லோரும் வாத்தியார் என்றே அழைத்தார்கள். இயற்பியல் வாத்தியார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏம்மா, தூதன் என்ன தபால்காரனா? அந்தப் பேர்ல ஆள் இல்லைன்னதும் திரும்பிப் போறதுக்கு?”

“உங்க காலைப் பாருங்க வாத்தியாரே. எனக்கு இருக்கறது இந்த ஒரு மனுஷன்தான்.”

“கொஞ்சம் படிச்ச தூதனா இருந்தா, முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான்.”

ரப்பி அதைக் காதில் வாங்காமல், வேதப் புத்தகத்திலிருந்து சங்கீதங்கள் என்னும் துதிப் பாடல்களைப் படித்து முடித்தார். நோயாளியின் தலையில் கை வைத்து, அவருக்கு ஹாயிம் என்று பெயர் சூட்டினார். உயிர் என்று அதற்குப் பொருள்.

“இனிமே பயப்படாதேம்மா. நப்தலியைத் தேடி வந்தாலும் ஹாயிமை ஒண்ணும் செய்ய முடியாது.”

வாத்தியாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ரப்பி, புத்தகத்தை மூடிடாதீங்க. எனக்கும் ஒரு பேர் வைங்க.”

“நீங்கதான் இதையெல்லாம் நம்பாத ஆளாச்சே?”

“இப்பவும் நம்பல. ஆனா என் பேரும் நப்தலி. வர்றவன் கூப்பிட்டா, இந்த அறையில திரும்பிப் பாக்க இனி நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”