கேட்காத ஆர்டர்

"மதுரைக்காரரு இனிமே நம்ம சரக்கு வேண்டாம்னுட்டாரு."

தறிச் சத்தத்தில் லிங்கேஸ்வரன் சொன்னது நாகஜோதிக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீக?" என்றாள்.

அவன் மறுபடியும் சொன்னான். இராஜபாளையத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் அந்தச் சின்ன பேண்டேஜ் பட்டறையின் சரக்கில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்தவர் அந்த மதுரை மொத்த வியாபாரிதான்.

"திடீர்னு ஏனாம்?"

"வடக்கேயிருந்து மலிவா வருதாம். போன்லயே முடிச்சிட்டாரு. நான் பேச வாயெடுக்குமுன்னே வச்சிட்டாரு."

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

லிங்கேஸ்வரன் குரலைத் தாழ்த்தினான். "இனி ஒரே வழிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஆர்டர். அது கெடைச்சா தப்பிச்சோம், இல்லாட்டி பட்டறையப் பூட்ட வேண்டியதுதான். இன்னைக்குத்தான கமிட்டி கூடுது? சரக்கு வாங்குற ஆபீசரே உன் சிநேகிதி. மாதவிக்குப் போனப் போட்டு ஒரு வார்த்தை கேளு."

"கேக்க மாட்டேன்."

"அம்புட்டுப் பழகிட்டு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? பொறவு எதுக்குத்தான் பழகுன?"

நாகஜோதி பழக ஆரம்பித்தது ஆர்டருக்காகத்தான். சிறுதொழில் செய்பவர்களுக்கான ஒரு கூட்டத்தில் பேச வந்தவர், "சரக்கைப் பற்றிப் பேசாதீர்கள், முதலில் மனுஷரைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் மாதவியை முதன்முதலில் பார்க்கப் போனாள். 'மேடம்' என்று ஆரம்பித்த பேச்சு, துணியிலிருந்து சமையலுக்கும் சமையலிலிருந்து வீட்டுக் கவலைகளுக்கும் தாவியது. மேடம் எப்போது மாதவி ஆனாள் என்பது இருவருக்குமே தெரியாது.

மாதவியின் அப்பா கண்ணபிரான் மூளையில் ரத்தம் கசிந்து மதுரையில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐ.சி.யூ. வாசலில் மாதவியோடு வெறுந்தரையில் படுத்துக் கிடந்தவள் நாகஜோதிதான். அதற்கப்புறம் ஆர்டரைப் பற்றி வாய் திறக்கவே அவளுக்கு மனசு கூசியது. மற்ற கம்பெனிகளைப் போலத் துணி சாம்பிளையும் விலையையும் தபாலில் அனுப்பியதோடு சரி.

"பழகினதை வச்சு ஆர்டர் கேட்டா, அந்தப் புள்ள மூஞ்சிய நான் எப்படிங்க பொறவு பாப்பேன்?" என்றாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதவியே கூப்பிட்டாள். "அக்கா, கமிட்டி முடிஞ்சுடுத்து. நீங்க கொஞ்சம் ஆத்துக்கு வாங்கோ. நேர்லதான் சொல்லணும்." குரல் தழுதழுத்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லிங்கேஸ்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, சந்தோஷத்துல அவியளுக்குப் பேச்சே வரல. நீ கெளம்பு, நான் தறியப் பாத்துக்கிடுதேன்."

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினாள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மாதவியின் வீடு. கண்ணபிரான் சுவரைப் பிடித்தபடியே நடந்து வந்து, "வாம்மா நாகஜோதி" என்றார். மாதவி அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தாள்.

"உங்க துணியை டாக்டர்ஸ் எல்லாருமே புகழ்ந்தா அக்கா. பிசிறே இல்லையாம், ரத்தத்தை நன்னா உறிஞ்சறதாம். விலையும் உங்களோடதுதான் குறைச்சல். மொதல் இடத்துல உங்க பேர்தான் இருந்தது."

நாகஜோதிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "மதுரை வியாபாரம் இன்னைக்குக் காலையிலதான் கையவிட்டுப் போச்சு மாதவி. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. இனி கவலையில்ல. பட்டறை பொழைச்சிருச்சு."

மாதவி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார் அக்கா. 'அந்தம்மா உங்களுக்கு என்ன ஆகணும்?'னு கேட்டார். ஆபீசர்களுக்குச் சொந்தக்காராளா இருந்தா ஆர்டர் தரக்கூடாதுன்னு எங்க ஆஸ்பத்திரியில விதி."

"நமக்குள்ள ஏது சொந்தம்?" என்று நாகஜோதி சிரித்தாள். "நீங்க வேற ஆளுக, நாங்க வேற ஆளுக."

மாதவி அவள் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"'வெறும் பழக்கம்தான்'னு சொல்லியிருந்தா ஆர்டர் உங்களுக்குத்தான். பொய் சொல்ல எனக்கு வாய் வரலை. 'என் கூடப்பிறந்த அக்கா'ன்னுட்டேன்."