கண்டும் காணாமல் போனவள்

கலியாணசுந்தரம் அண்ணன் சொன்ன அந்தச் சம்பவத்தை நான் பல வருடமாக முழுசாக நம்பவில்லை. அதை வைத்துத்தான் ஒரு பெண்ணுக்கு விருது கொடுத்தோம் என்பதால் வெளியில் சொல்லவும் முடியவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்த மனநல ஆலோசகர் ஒருவருக்கு விருது கொடுப்பது என்று எங்கள் அறக்கட்டளை அந்த வருடம் முடிவு செய்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர். மனநல மருத்துவர் பெரியநாயகி, பட்டு நெசவாளர் கலியாணசுந்தரம் அண்ணன், நான்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். கமல், ஷாரோன்.

நேர்காணலில் கமல் அசத்திவிட்டார்.

"பேரு சொல்ல மாட்டேன் சார். முசரவாக்கத்துல ஒரு டீச்சர். வீட்டுக்காரர் மிலிட்டரி. மாசக்கணக்கா ரூமை விட்டே வெளிய வரல. இப்ப ஸ்கூல் ஆண்டு விழாவுல பாட்டுப் பாடுறாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து ஷாரோன். ஓரிக்கைப் பெண்.

"நீ சரி பண்ணவங்களைப் பத்திச் சொல்லும்மா" என்றேன்.

"மன்னிச்சுடுங்க சார். சொல்ல முடியாது."

"பேர் வேணாம்மா. பேர் இல்லாம சொல்லு."

"காஞ்சிபுரத்துல பேர் இல்லாம யாரு சார் இருக்காங்க?"

அவள் வெளியே போனதும், "கமலுக்கே குடுத்துடலாம்" என்றேன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்றேன். பங்குனி உத்திரத்தன்னிக்கு, அதுகிட்ட ட்ரீட்மென்ட்டுக்கு வர்ற ஆளு ஒருத்தரு சொந்தக்காரங்களோட தெருவுல நின்னுக்கினு இருந்தாரு. இது எதிர்ல வந்துச்சு. ஒரு சிரிப்பு இல்ல, ஒரு தலையாட்டல் இல்ல. கண்டும் காணாத மாதிரி போயிடுச்சு."

"பாத்தீங்களா டாக்டர், எவ்ளோ திமிரு" என்றேன். எங்கள் ஊரில் தெரிந்தவர் எதிரில் வந்தால், "எங்க, கோயிலுக்கா?" என்றாவது கேட்க வேண்டும். கேட்காமல் போனால் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிஜமாவே தலையாட்டலையா?"

"இல்லம்மா."

"அப்ப விருது அந்தப் பொண்ணுக்குத்தான். தெருவுல அது சிரிச்சா, 'அந்தக் கவுன்சிலிங் பொண்ணு உனக்கு எப்படிப் பழக்கம்?'னு பக்கத்துல நிக்கிறவன் கேப்பான். அதுக்காகத்தான் அது சிரிக்கல. கமல் பேரு சொல்லலைன்னாரே, முசரவாக்கத்துல மிலிட்டரிக்காரர் வீட்டு டீச்சர் எத்தனை பேர் சார் இருப்பாங்க?"

ஒருவர்தான். என் மனைவியோடு வேலை பார்க்கிறவர்.

ஷாரோனுக்கு விருது கொடுத்து, சால்வை போர்த்தி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஆள் அவளிடம் சிகிச்சைக்கு வருகிறார் என்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

ஷாரோன் சொல்லியிருந்தால், தெருவில் மூடிய வாயை வேறு எங்கோ திறக்கிறாள் என்று ஆகிறது. இல்லையென்றால் அண்ணன் கதை கட்டியிருக்கிறார். எதுவாக இருந்தாலும் விருது தப்பான காரணத்துக்குப் போயிருக்கிறது.

கேட்கத் தைரியம் வரவில்லை. வருடங்கள் ஓடின. போன வாரம் கேட்டே ஆக வேண்டியதாயிற்று.

பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் இளவரசி, பிறந்த குழந்தையைத் தொட மாட்டேன் என்கிறாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

"ஷாரோன்கிட்ட கூட்டிக்கினு போலாங்க" என்றாள் மனைவி.

விஷயம் வெளியே கசிந்து சம்பந்தி வீட்டுக்குப் போனால்? பைத்தியத்தைக் கட்டி வைத்துவிட்டோம் என்பார்கள். பெண்ணை அழைத்துப் போகவே வர மாட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார்.

"அண்ணே, ஷாரோனை நம்பி இளவரசியைக் கூட்டிக்கினு போலாமா?"

தறிச் சத்தம் நின்றது.

"விருதே குடுத்துட்டு இப்ப வந்து கேக்குறியே, ஏம்பா?"

"அன்னிக்கு ஒரு ஆளைப் பத்திச் சொன்னீங்களே. அவரு ட்ரீட்மென்ட்டுக்கு வர்றாருன்னு ஷாரோன்தானே உங்ககிட்ட சொல்லுச்சு?"

"அதுவா? அது வாயிலேர்ந்து ஒரு வார்த்த புடுங்க முடியாதுபா."

"அப்ப வேற யாரு சொன்னது?"

உள்ளே அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் மச்சான்காரன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். அவன் காதுல விழுந்தா ஊரு பூரா தெரிஞ்ச மாதிரி. அது எதிர்ல வர்றதப் பாத்ததும் எனக்கு ஒரே பயம். சிரிச்சுடப் போகுது, நம்ம மானம் போச்சுன்னு. அது நேரா போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் மனசுல இருந்தத முழுசா அதுகிட்ட சொன்னேன். இன்டர்வியூல நம்ம எதிர்லயே உக்காந்துச்சே, என்னை முன்னப்பின்ன தெரிஞ்ச மாதிரி ஒரு பார்வை பாத்துச்சா? தைரியமா கூட்டிக்கினு போ."

எனக்கு மூச்சு சீராக வந்தது. நாளைக்கே இளவரசியை அழைத்துப் போய்விடலாம்.

எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அவரோடு பழகியும் கேட்காமல் விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

"இப்ப உங்களுக்குத் தேவலையாண்ணே?"