மீன்காரிக்கு ஒரு பார்சல்

இதை முதலில் எனக்குச் சொன்னது என் சின்ன மகள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். மாவைப் பொங்க வைக்குமே, அந்த ஈஸ்ட்.

"ஒவ்வொரு செல்லுக்கும் வெளியேயிருந்து சேதி வரும்மா. அதை வாங்கி உள்ளே சேர்க்க ஒரு புரதம் இருக்கு. அதுல சேதியைப் பிடிச்சுக்கிற சின்னத் துண்டு ஒண்ணு. ஈஸ்ட்லயும் அதே மாதிரித் துண்டு, மீன்லயும் அதே மாதிரி, உன் உடம்புலயும் அதே மாதிரிதான்."

"அப்போ கடவுள் அச்சை மாத்தவே இல்லையா?" என்றேன். நினைக்கவே மெய்சிலிர்த்தது.

ஆனால் வேறொரு ஊரில் இன்னொரு பெண் அதே துண்டை மீனில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். என் மகளின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'மீன்காரி'. அவள் முந்திக்கொண்டு கட்டுரை போட்டுவிட்டால் என் மகளின் இத்தனை வருட உழைப்பு பழங்கதை. பட்டமும் கைக்கு வராது.

காய்ச்சலில் படுத்து எழுந்து இவள் வேலைக்குத் திரும்பிய அன்று, எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடும் தோழி வாசலிலேயே பிடித்துக்கொண்டாளாம்.

"அடியே, விஷயம் தெரியுமா? மேடம் உன் ஈஸ்ட்டையெல்லாம் ஐஸ் வெச்சு பார்சல் கட்டறாங்க. யாருக்குன்னு சொல்லு?"

"யாருக்கு?"

"மீன்காரிக்கு!"

தோள்பையைக்கூடக் கழற்றாமல், தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்தின் அறைக்குள் போய் நின்றாள் என் மகள். மேடம் தெர்மாகோல் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் மேடம், என் கழுத்தை அறுக்க நான் லீவு போடற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"காய்ச்சல் கிடக்கட்டும். என் உழைப்பைத் தூக்கி அவகிட்டயே கொடுக்கறீங்களே! அவ நாளைக்கே கட்டுரை போட்டுட்டா நான் எங்கே போவேன்?"

"இந்த முனையைக் கொஞ்சம் பிடி."

கோபத்தோடேயே பிடித்தாளாம்!

ஒட்டி முடித்துவிட்டு மேடம் சொன்னாராம்: "நீ வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ரேடியோ ஒலிபரப்பிட்டா. உன் கடைசிச் சோதனைக்கு வேணுங்கிற மைக்ராஸ்கோப் ரிப்பேராகிக் கிடக்கு. எப்போ சரியாகும்னே தெரியல. அந்தப் பொண்ணே போன் பண்ணி, 'அனுப்புங்க, இங்கே நான் செஞ்சு தர்றேன்'னா."

"அவ எதுக்கு எனக்குச் செய்யணும்? அவ கட்டுரையை முடிக்க வேண்டாமா?"

"அது எப்பவோ முடிஞ்சாச்சு. 'அவளோடதும் முடியட்டும், ரெண்டும் ஒரே நாள்ல வரட்டும்'னு வெளியே அனுப்பாம வெச்சிருக்கா."

இதைச் சொல்லும்போது என் மகள் மடித்த துணியையே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

"அப்புறம் நீ என்னடி பண்ணினே?"

"என்ன பண்றது? பெட்டியை நானே தூக்கிட்டு கொரியர் ஆபீசுக்குப் போனேன்."

அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பரவாயில்லை. இன்றைக்கு நீங்கள் கும்பிடும்போது, அவளுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.