இடது பக்கம் இழுக்கும் வண்டி

"வண்டி இன்னும் இடது பக்கமாவே இழுக்குதுண்ணே," என்றார் பல் டாக்டர், காரை விட்டு இறங்கும்போதே.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இதோடு மூன்றாவது முறை. தான் கை வைத்த வண்டி திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிற மனிதர் அவர்.

போன மாதம் பள்ளிக்கூடத்து முனையில் திரும்பும்போது, டாக்டர் தன் காரை ஒரு டீச்சரின் கார் மேல் கொண்டுபோய் விட்டார். நல்லவேளை, ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடி வாங்கியதெல்லாம் வண்டிகள்தான். இரண்டும் இதே பட்டறைக்குத்தான் வந்தன. டாக்டர் வண்டி முதலில் தயாராகிவிட்டது. ஏதோ சாமான் வரவேண்டும் என்று சொல்லி, டீச்சர் வண்டி இன்னும் நிற்கிறது. இடித்த பாவத்துக்கு, தினமும் டீச்சரைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் டாக்டர் வேலையாகிப் போனது.

இப்போதும் டீச்சர் முன் சீட்டில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கும் சரியாகலேன்னா, நாளையிலேர்ந்து அவங்களை டாக்ஸில போகச் சொல்லிடலாம்னு இருக்கேன். ஒரு தடவை இடிச்சதே போதும். இன்னொரு தடவை அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுண்ணே."

சொல்லும்போதே அவர் முகம் தொங்கிப்போனது.

"டாக்ஸி எல்லாம் எதுக்கு? வண்டியை நல்லாப் பாருங்கண்ணா," என்று உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. காது மட்டும் இங்கே இருந்திருக்கிறது.

டீச்சரை இறக்கி நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். சரி. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றியது. இடியில் வளைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட ஸ்டியரிங் கம்பியை டார்ச் அடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் அலைன்மென்ட் வைத்தால் அதுவும் எல்லாம் பச்சை என்றது.

தனியாக ஓட்டிப் பார்த்தார். நேரான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால், வண்டி கோடு போட்ட மாதிரி போனது.

ஒருவேளை இடது பக்கம் ஆள் உட்கார்ந்தால் இழுக்குமோ? இரண்டு மணல் மூட்டைகளை முன் சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டு ஒரு சுற்று போய் வந்தார். எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

"நீங்க ஓட்டுங்க டாக்டர். டீச்சர், நீங்களும் ஏறுங்கம்மா. நான் பின்னாடி உட்கார்றேன்," என்றார் கடைசியில்.

வண்டி கிளம்பியது. தெருமுனை வரை சாதுவாகத்தான் போனது.

"இன்னிக்கு ஸ்கூலுக்குப் பல் டாக்டர் வரப்போறார்னு சும்மா சொன்னேன்," என்று ஆரம்பித்தார் டீச்சர். "மொத்த கிளாஸும் கப்புனு வாயை மூடிக்கிச்சு. இனிமே சத்தம் போட்டா உங்க பேரைத்தான் சொல்லணும்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டி மெல்ல இடது ஓரத்துக்குப் போனது.

"பாருங்கண்ணே, இழுக்குது பாருங்க," என்று பதறி ஸ்டியரிங்கை வெட்டினார் டாக்டர்.

"பார்த்தேன் பார்த்தேன். வண்டியைத் திருப்புங்க," என்றார் மெக்கானிக். பட்டறை வருவதற்குள் டீச்சர் இன்னும் இரண்டு கதை சொன்னார். இரண்டுக்கும் வண்டி இடது பக்கம் போய் வந்தது.

பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் டாக்டரைத் தனியே ஓரம் கட்டினார்.

"கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன். கழுத்துல இருக்கு."

"வண்டிக்கு ஏதுண்ணே கழுத்து?"

"உங்க கழுத்துல, டாக்டர். டீச்சர் பேச ஆரம்பிச்சா அது இடது பக்கம் திரும்பிடுது. கழுத்து போற பக்கம் கையும் போகுது. நான் என்ன, மணல் மூட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டா ஓட்டினேன்? அதான் எனக்கு நேராப் போச்சு."

டாக்டர் முகம் குப்பென்று சிவந்தது. காரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெக்கானிக்கையே பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. அவங்க காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டுமே. ரெண்டு பேரும் தனிக்கட்டை. யாரு குறுக்கே நிக்கப் போறா? வாயைத் திறந்து சொல்லிடுங்க."

"அடுத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்லித்தாண்ணே எனக்குப் பழக்கம்."

மெக்கானிக் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "சரி, இனிமே ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. நாளைக்கும் நீங்களே கூட்டிட்டுப் போகலாம். வண்டிக்கு நான் பொறுப்பு."

அப்பாடா என்று டாக்டருக்கு உயிர் வந்தது. ஆனாலும் நகராமல் நின்றார். சட்டைப் பித்தானைத் திருகினார்.

"அண்ணே, டீச்சர் வண்டிக்கு ஏதோ சாமான் வரணும்னு சொன்னீங்களே. அது எப்ப வரும்?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, கொஞ்சம் லேட்டா வந்தா நல்லா இருக்கும். நான் சொன்னேன்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"அந்தச் சாமான் போன வாரமே வந்து, வண்டியும் ரெடியாகி உள்ளே நிக்குது டாக்டர். 'அவர் கேட்டா இன்னும் வரலைன்னே சொல்லுங்கண்ணா'ன்னு என் வாயைக் கட்டிப்போட்டு வச்சிருக்கிறதே டீச்சர்தான்."