கை குலுக்காத வெள்ளணு

விரலில் முள் குத்திவிட்டது. வெள்ளணுக்கள் ரத்தக்குழாய் வழியே அங்கே கூட்டமாக ஓடின. விரல் வீங்கிச் சிவந்து ஒரே கூப்பாடு. குழாய்ச் சுவரே கை நீட்டி, வந்தவர்களை உள்ளே இழுத்துவிட்டது.

ஒரு வெள்ளணு மட்டும் கல்லீரல் பக்கம் நின்றுவிட்டது.

"இங்கே உன்னை யாரும் கூப்பிடவில்லையே," என்றது சுவர்.

"ஒரு முள்ளுக்கு அங்கே அவ்வளவு சத்தம். இங்கே இவ்வளவு பெரிய வீக்கம், ஒரு முனகல்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது. கொஞ்சம் நகரு."

உடம்பை நூலாக மெலித்துக்கொண்டு சுவர் இடுக்கில் நுழைந்தது வெள்ளணு.

உள்ளே ஒரு புற்றுக்கட்டி பெருத்து உட்கார்ந்திருந்தது. முன்பு வந்த வெள்ளணுக்கள் அதன் கைகளைப் பிடித்தபடியே சோம்பிக் கிடந்தன. உடம்புக்குள் அப்படி ஒரு வழக்கம். கை குலுக்கிவிட்டால் அப்புறம் அடிக்கக் கூடாது.

கட்டி சிரித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டியது. "வா தம்பி. நானும் இதே உடம்பில் பிறந்தவன்தான். சொந்தக்காரனுக்குக் கை கொடுக்க மாட்டாயா?"

வெள்ளணு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"வெளியாள் என்றால் விரலுக்குப் போகிற கூட்டமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பேன். நீ சொந்தக்காரன். அதனால்தான் நானே வந்தேன்."

கட்டியின் சிரிப்பு நின்றது. கீழே கிடந்த வெள்ளணுக்களில் ஒன்று, அதன் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டது.