பாவுக்கு அடியில்

தறி அறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி சிஸ்ஸா, அவள் மகள் எல்னா, எல்னாவை மணக்கவிருந்த தூவேயின் தாய் பெங்டா. எல்னாவின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் நால்வர்.

அந்த நாலாவது ஆளைப் பற்றித் தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

தூவே போன மாதம் ஹெர்ரிங் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனான். படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

தறியில் கல்யாண வண்டிக்கான மெத்தைத் துணி பாதியில் நின்றது. சிவப்பு நட்சத்திரங்கள் முடிந்திருந்தன. மான்களுக்குக் கால்கள் மட்டும் வந்திருந்தன. கம்பளி மாப்பிள்ளை வீட்டுடையது. அதைக் கேட்டுத்தான் பெங்டா வந்திருந்தாள்.

"இருக்கிறவரைக்கும் அறுத்துக் குடுத்துடு சிஸ்ஸா. வேற என்ன பண்றது?"

சிஸ்ஸா கத்தரிக்கோலை எடுத்தாள். அப்போது பெங்டாவின் மடியிலிருந்த கம்பளி உருண்டை விழுந்து, தறிக்கு அடியில் ஓடிச் சுவரோரம் நின்றது.

விழவில்லை. அவள் விரல் தள்ளியதை எல்னா பார்த்தாள்.

"அதைக் கொஞ்சம் எடும்மா எல்னா."

தறி சுவரை ஒட்டிக் கிடந்தது. தறியில் நீள இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். பிள்ளை சுமப்பவள் அப்படிப் போனால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும். இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

"நான் எடுக்கறேன்," என்று சிஸ்ஸா குனிந்தாள்.

"உனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டா யார் தூக்கறது, நானா? வயசுப் பொண்ணு மரம் மாதிரி நிக்கறா. அவ போகட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பார்வை எல்னாவின் வயிற்றில் இருந்தது.

கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற கொல்லன் மகளைத் தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்ததை எல்னா பார்த்திருக்கிறாள். ஊருக்குத் தெரிவதற்குள் எல்னாவை மால்மோ நகரத்துக்கு அனுப்ப, சிஸ்ஸா அங்கிருந்த தன் தங்கையிடம் பேசி வைத்திருந்தாள். இன்று ஒருநாள் தாண்டினால் போதும்.

எல்னா மண்டியிட்டாள். வயிற்றில் கை வைத்துக்கொள்ளக்கூட முடியாது. தவழ்ந்தாள். பாவு நூல்கள் முதுகில் உரசின.

உருண்டையோடு வெளியே வந்து அதை நீட்டினாள்.

பெங்டா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்போ ஒண்ணுமில்ல," என்றாள். "நீ மாட்டேன்னு நிப்பேன்னு நெனச்சேன்டி. தூவே கெடந்த தொட்டிலைப் பரண்லேர்ந்து எறக்கித் தொடச்சு வச்சிருக்கேன். பைத்தியக்காரி நான்."

துணியைக் கேட்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினாள்.

"அத்தை..." எல்னா ஓரடி எடுத்து வைத்தாள்.

சிஸ்ஸா குறுக்கே வந்து நின்றாள்.

"இப்போ சொன்னா, தெரிஞ்சேதான் அடியில போனியான்னு கேப்பா. என்ன சொல்லுவ?"

சிஸ்ஸா கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.